கதவைத் தாங்கும் குள்ளன்

தன் முறை வருவதற்குள் கை அடங்கிவிடும் என்று மருதாசலம் நினைத்தார். வலது கையை மேசைக்கு அடியில் தொடையோடு சேர்த்து அழுத்தி வைத்திருந்தார். அது அங்கேயும் அடங்காமல், பிடித்து வைத்த குருவி மாதிரி உள்ளுக்குள் துடித்துக்கொண்டிருந்தது. மேசையின் மேல் பாதாளக் கோட்டை விரிந்து கிடந்தது. கல்தரை அச்சிட்ட தடித்த அட்டைகள் ஒன்றோடொன்று பல் கோத்து சாப்பாட்டு மேசை முழுவதையும் அடைத்திருந்தன. அவற்றின் மேல் கட்டைவிரல் உயரத்துக்கு நான்கு பிளாஸ்டிக் வீரர்கள், எதிரே எலும்புக்கூடுகள், பன்றிமூக்குப் பூதங்கள். எல்லாம் மருமகள் பிரவீணா சன்னத் தூரிகையால் கண் வரைந்து, வர்ணம் பூசி, மெருகேற்றி வைத்தவை. மந்திரக்காரி அவளுடையவள். வாள்வீரன் மகன் இளங்கதிருடையவன். வில்லாளியை மகனோடு வேலை பார்க்கும் ஜெரால்டு ஆட்டுவித்தான். கையில் சுத்தியல், இடுப்பில் சிவப்புக் கச்சையோடு கதவருகே நின்ற குள்ளன் மருதாசலத்தினுடையவன். விதிப்புத்தகத்துப் படத்தில் கச்சை பழுப்பு. "சிவப்பு அடி அம்மிணி" என்று அவர்தான் கேட்டு வாங்கினார். "மாமாவுக்கு வேற கலரே தெரியாதுங்க" என்று அவள் சிரித்துக்கொண்டே பூசிக் கொடுத்தாள். கோட்டையின் கடைசி அறை இது. இந்தச் சுற்றில் குள்ளன் கதவைத் தாங்கிப் பிடித்திருந்தால் மற்ற மூவரும் புதையலோடு வெளியே போய்விடலாம். பிடித்தபின் அவனுக்காக ஒரே ஒரு பகடை. வாள் விழுந்தால் காயத்தோடு பிழைப்பான், கேடயம் விழுந்தால் முழுசாகப் பிழைப்பான், மண்டையோடு விழுந்தால் செத்தான். பிழைத்தால் குள்ளன் புதுப்பெட்டிக்குள் போவான். செத்தால் அவன் இடத்துக்குப் புது ஆள் வரும். புது ஆள் சோபாவில்தான் உட்கார்ந்திருந்தாள்.

ஷீபா. ஜெரால்டின் மனைவி. நல்ல பெண்தான், அதுதான் கஷ்டம். ஏதோ கம்பெனியில் மனிதவளத் துறையாம். மனிதனை வளம் என்று சொல்ல ஆரம்பித்த அன்றைக்கே கதை முடிந்தது, நிலக்கரி மாதிரி, தண்ணீர் மாதிரி, தோண்டி எடுக்கலாம், தீர்ந்தால் மூடிவிடலாம். போன வாரம் அவளிடமே இதைச் சொன்னார். "கரெக்ட்தான் அங்கிள், எனக்கே சில நாள் அப்படித்தான் தோணும்" என்று அவள் ஒத்துக்கொண்டதும் அடுத்து என்ன பேசுவது என்று அவருக்குத் தெரியவில்லை. மறுத்துப் பேசினால்தானே வாதம். இந்தத் தலைமுறை எல்லாவற்றையும் ஒத்துக்கொள்கிறது. அவள் பக்கத்தில், ஸ்டூலின் மேல் புதுப்பெட்டி இருந்தது. நேற்று வந்தது, இந்த விளையாட்டின் தொடர்ச்சி. பனிமலை, உறைந்த ஏரி, மலைக்கு அடியில் சுரங்கம். உள்ளே வர்ணம் காணாத சாம்பல் நிறப் பொம்மைகள், புதுப் பிளாஸ்டிக் வாடை. புதுப்பெட்டியிலும் வீரர்கள் நாலு பேர்தான். ஐந்தாவது ஆளுக்கு இடமில்லை. கூட ஒரு கதைப்புத்தகம் உண்டு, ஒவ்வொரு அறைக்குள் நுழையும்போதும் யாராவது உரக்கப் படிக்க வேண்டும். படிப்பவருக்குப் பொம்மை கிடையாது, பகடை கிடையாது. காலையில் சமையலறையில் குக்கர் சத்தத்துக்கு நடுவே அவர் காதில் விழுந்தது. "மாமாவக் கதை படிக்கச் சொல்லலாங்க. அவரு குரலுக்கு அப்படி இருக்கும். கை நடுங்குதில்ல, பாவம், ஒவ்வொரு தடவையும் அவருக்கே சங்கடமா இருக்குது." இளங்கதிர் ஏதோ முனகினான். "நாமளாச் சொல்ல வேண்டாங்க. இன்னிக்குக் குள்ளன் செத்துட்டா அதுவா ஆயிரும்." பாவம். மில்லில் சங்கம் நடத்திய நாளில் அவரை எத்தனையோ சொல்லியிருக்கிறார்கள். கலகக்காரன், வேலையைக் கெடுப்பவன், நாலு குடும்பத்தை நடுத்தெருவில் நிறுத்தியவன். ஒரு இன்ஸ்பெக்டர் தாயைச் சேர்த்துத் திட்டியிருக்கிறான். பாவம் என்று யாரும் சொன்னதில்லை.

"தோழர், உங்க ஆளு கதவப் புடிச்சிட்டு நிக்கட்டும், நாங்க மூட்டையத் தூக்கிட்டு ஓடிருதோம்" என்றான் ஜெரால்டு, தன் வில்லாளியை இரண்டு கட்டம் தள்ளி வைத்து. நாகர்கோவில்காரன். கேலியாகத்தான் தோழர் என்கிறான். ஆனால் இன்றைக்கு அந்தச் சொல்லால் அவரைக் கூப்பிடுகிற ஒரே வாய் அதுதான், கேலிக்காகவாவது. "மூட்டைய எடுத்துட்டு ஓடறதும், வேலை செய்யறவன் கதவப் புடிச்சுட்டு நிக்கறதும் இன்னிக்கா புதுசு தம்பி?" என்றார் மருதாசலம். எல்லோரும் சிரித்தார்கள். சிரிக்கட்டும். ஆனால் நிஜம்தானே, இந்தக் கோட்டையை யார் கட்டியது, இந்தத் தங்கத்தை யார் தோண்டியது, எலும்புக்கூடுகள் யாருக்குக் காவல் நிற்கின்றன, செத்தபிறகும் ஷிப்டு முடியாத ஜென்மங்கள். நாலு வீரர்களில் உழைப்புக் கருவி ஏந்தியவன் குள்ளன் ஒருத்தன்தான். மற்றவர்கள் கையில் எல்லாம் கொல்லும் கருவி. சுத்தியலைப் பார்த்ததும்தான் அவனை எடுத்தார். அதுவரை பொம்மை விளையாட்டு, வேலையற்றவர்கள் விளையாட்டு என்று சோபாவிலிருந்தே குத்திக்கொண்டிருந்தார். நாலாவது ஆள் ஒரு நாள் வரவில்லை, "சும்மா உக்காருங்கப்பா" என்றான் மகன். உட்கார்ந்தார். அன்றிரவே விதிப்புத்தகத்தை அறைக்கு எடுத்துப் போய் அகராதியை வைத்துக்கொண்டு படித்தார். தொழில் தகராறுச் சட்டத்தையே அப்படிப் படித்தவர், இது எந்த மூலை. மறுவாரம் மூன்று இடத்தில் இவர்கள் தப்பாக ஆடுகிறார்கள் என்று எடுத்துக் காட்டினார். "அப்பா லேபர் ஆபீஸ் பன்னெண்டு மூணு ஒப்பந்தத்தையே பிரிச்சு மேஞ்சவரு" என்று இளங்கதிர் ஜெரால்டிடம் சொன்னபோது அந்தக் குரலில் என்ன இருந்தது? பெருமைதான் இருந்தது. எத்தனை வருஷம் கழித்து. பள்ளிக்கூடத்தில் அப்பா என்ன வேலை என்று கேட்டால் மில் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்த பையன். அதற்குப் பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமைகளில் எல்லோரும் அவரைப் பார்த்துக் காத்திருந்தார்கள். "மாமா, உங்க முறை." ஒரு மனிதனின் முறைக்காக நாலு பேர் காத்திருப்பது. வேறென்ன கேட்டேன், மருதாசலம் நினைத்தார், வேறென்ன கேட்டேன் இந்த வீட்டில்.

குள்ளனுக்கு அவர் மனசுக்குள் ஒரு பெயர் வைத்திருந்தார், யாரிடமும் சொன்னதில்லை. ஆறுக்குட்டி. மில்லில் ஸ்பின்னிங் பிரிவில் இருந்தவன், அவர் தோளுக்குக் கீழேதான் நிற்பான். போஸ்டர் ஒட்டப் போனால் பசை வாளி அவன் கையில். மைதாப் பசை காய்ந்து விரல்களெல்லாம் வெள்ளையாக, உரிந்த தோல் மாதிரி எப்போதும் இருக்கும். "ஏனுங்க தோழர், இத்தன ஒட்டறமே, செவுரு படிக்குமுங்களா?" என்பான். அந்தக் கை. அந்தக் கை உயர்ந்து நின்றது, மில் வாசல் மைதானத்தில், கடைசிக் கூட்டத்தில், வெயிலில். மேடையிலிருந்து அவர் பார்த்தார். ஆயிரம் கைகளுக்கு நடுவே அது மட்டும் வெள்ளையாகத் தெரிந்தது. போராட்டத்தைத் தொடர வேண்டும் என்பவர்கள் கை தூக்குங்கள் என்று முதலில் கேட்டார்கள். விருப்ப ஓய்வு ஒப்பந்தத்தை ஏற்பவர்கள் தூக்குங்கள் என்று அடுத்துக் கேட்டார்கள். செயலாளர் கதிரேசன் எண்ணினான், இளைஞன், மருதாசலம் வளர்த்து மேடையேற்றியவன், விரலை நீட்டி நீட்டி வரிசை வரிசையாக எண்ணிவிட்டு மைக்கைப் பிடித்தான். "சொற்ப வித்தியாசத்தில், தோழர்களே, மிகச் சொற்ப வித்தியாசத்தில் ஒப்பந்தம் ஏற்கப்படுகிறது." பொய். எண்ணாமல் எண்ணினான். சொற்ப வித்தியாசமாம், எங்கிருந்து வந்தது அந்தச் சொற்பம், முதலாளி வீட்டு வரவேற்பறையிலிருந்து வந்திருக்கும். அவர் கண்ணுக்கு மைதானம் முழுக்கக் கைகள், சிவப்பாக, கடலாக. கீழே நின்ற ஒருத்தன்கூடப் பொய் என்று கத்தவில்லை. அதைத்தான் அவரால் இன்றுவரை செரிக்க முடியவில்லை. கதிரேசன் விற்றுவிட்டான், சரி, அவனுக்குக் கிடைத்திருக்கும். மற்றவர்களுக்கு வாய் எங்கே போயிற்று? அவர் மேடையை விட்டு இறங்கி நடந்தபோது கூட்டம் இரண்டாகப் பிரிந்து வழி விட்டது. பேச்சில்லாமல், முகம் பார்க்காமல், சைக்கிள்களைக்கூட ஓரமாக இழுத்துக்கொண்டு. குற்றவுணர்ச்சி என்று அன்றே முடிவு கட்டினார். பிறகு சொந்தக் காசில் துண்டறிக்கை போட்டார், 'கைகளை எண்ணத் தெரியாத கைக்கூலிகள்', நல்ல தலைப்பு, இன்றைக்கும் நல்ல தலைப்புதான். வாங்கினவர்கள் பிரிக்காமல் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்கள். ஆறுக்குட்டியும் அப்படித்தான் மடித்து வைத்தான். அடுத்த மாதம் சங்கத்தில் பொன்னாடை போர்த்தி அவரைக் கௌரவத் தலைவர் ஆக்கினார்கள். மின்விசிறிக்கு நேர் கீழே நாற்காலி. கூட்டத்தின் ஆரம்பத்தில் இரண்டு வார்த்தை. குரல் அப்படி இருக்கும் என்றார்கள், அன்றைக்கும் அதையேதான் சொன்னார்கள், உங்க குரலுக்கு, தோழர், உங்க குரலுக்கு.

"மந்திரக்காரி வெளிய போயாச்சு" என்றாள் பிரவீணா. "இருங்க, பூதத்தோட முறை" என்று இளங்கதிர் சீட்டுக் கட்டிலிருந்து ஒன்றைத் திருப்பினான். பூதங்கள் முன்னேற வேண்டும் என்று சீட்டில் இருந்தது. மூன்று பூதங்களும் குள்ளனை ஒட்டி வந்து நின்றன. "அய்யோ அங்கிள்" என்றாள் ஷீபா சோபாவிலிருந்து, நிஜமாகவே பதறி. நடிக்கத் தெரிந்தவளாக இருந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும். எதிரி நல்லவனாக இருந்தால் என்ன செய்வது என்று எந்தத் துண்டறிக்கையிலும் அவர் படித்ததில்லை. அவள் மூன்று ஞாயிறாக வந்து சோபாவிலேயே உட்கார்ந்து போகிறாள், "எனக்கு ஒண்ணும் அவசரம் இல்ல, அங்கிள் ஆடட்டும்" என்று. அவசரமில்லாதவர்களிடம்தான் பயப்பட வேண்டும். முதல் ஞாயிறன்றுதான் அவர் கை ஏரியின் மேல் அலை அடித்த மாதிரி மேசைமேல் அடித்துவிட்டது. குள்ளனை நகர்த்தப் போனவர் வில்லாளியைத் தட்டி, வில்லாளி எலும்புக்கூட்டைச் சாய்த்து, அடுத்தடுத்து அறை முழுக்கச் சரிந்தது. ஒரு பூதத்தின் கொம்பு ஒடிந்தது, அதைப் பிரவீணா ஒரு வாரம் உட்கார்ந்து பூசியிருந்தாள். "பரவால்லீங் மாமா, ஒட்டிக்கலாம்." "அட விடுங்க தோழர், நிலநடுக்கம்னு கதைல சேத்துக்கலாம்." ஒருத்தர்கூட திட்டவில்லை. திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டிவிட்டு அடுத்த வாரம் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார். மறுவாரம் புது விதி ஒன்று வந்தது, இவர்களே வைத்துக்கொண்டது. பகடை மேசையை விட்டுக் கீழே விழுந்தால் திரும்ப உருட்ட வேண்டியதில்லை, விழுந்தபடி செல்லும், போட்டவர் குனிந்து பார்த்துச் சொன்னால் போதும். எல்லோருக்கும் பொதுவான விதி என்றார்கள். யார் பகடை கீழே விழுகிறது என்று அவருக்குத் தெரியாதா? பொதுவான விதி என்று எழுதி ஒரே ஆளைக் குறி வைப்பதை அவர் முப்பது வருஷம் மில் நிர்வாகத்தின் நிலையாணைகளில் படித்தவர்.

செத்துப் போகட்டும் என்றும் ஒரு பக்கம் தோன்றியது. கதவைத் தாங்கிக்கொண்டே, மூன்று பூதங்களுக்கு எதிராக, சுத்தியலோடு. கௌரவமான சாவு. போலீஸ் தடியடி நடந்த நாளில் அவருக்குக் கிடைக்காதது. அன்றைக்கு நெஞ்சைக் காட்டிக்கொண்டு முன்னால் போனார், தடி ஆறுக்குட்டியின் தோளில் விழுந்தது, அவரை ஸ்டேஷனில் பெஞ்சில் உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். செத்தால் ஒரு பேச்சு இருக்கும். ஆனால் அடுத்த ஞாயிறு? அடுத்த ஞாயிறு மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, மேசையின் ஓரத்தில், மின்விசிறிக்குக் கீழே, 'வீரர்கள் பனிக்குகைக்குள் நுழைகிறார்கள்' என்று படிக்க வேண்டும். நாலு பேர் தலையாட்டுவார்கள். யாரும் முறை என்று சொல்லிக் கூப்பிட மாட்டார்கள். அப்புறம் ஒரு ஞாயிறு தொண்டை கட்டும், ஷீபாவோ யாரோ படித்துவிடுவார்கள், அதுவும் நன்றாகவே இருக்கும். அப்புறம் அறையில் கட்டில், ஜன்னல், எதிர் அடுக்ககத்தின் துணிக்கொடிகள், நடுக்கூடத்திலிருந்து சிரிப்பு. மனைவி போனபின் பழைய வீட்டில் நாலு மாதம் இருந்தார், அங்கே சிரிப்பும் கிடையாது, அது பரவாயில்லை. சிரிப்பு கேட்கிற அறைதான் பொல்லாதது. இல்லை. குள்ளன் சாகக்கூடாது. ஒரு கேடயம். ஒரு வாளாவது. வாழ்நாளில் எதையும் யாரிடமும் கெஞ்சியதில்லை, கோரிக்கைதான் வைத்திருக்கிறார். இப்போது ஆறு பக்கமுள்ள ஒரு பிளாஸ்டிக் துண்டிடம் கெஞ்சுகிறோமே என்று நினைக்கும்போதே "மாமா, உங்க முறைங்க" என்றாள் பிரவீணா.

கையை மேலே எடுத்தார். அடங்கியிருக்கவில்லை. எல்லோரும் கையைப் பார்க்காமல் இருக்கப் பாடுபட்டார்கள், இளங்கதிர் சீட்டுகளை அடுக்கினான், ஜெரால்டு மிக்சரில் கடலை பொறுக்கினான். பகடையை உள்ளங்கையில் வாங்கி உருட்ட வேண்டிய வேலையே இல்லை, அதுவாகவே குலுங்கியது. விட்டார். அது கல்தரையில் ஒரு துள்ளுத் துள்ளி, உடைந்து ஒட்டிய கொம்பில் மோதி, விளிம்பைத் தாண்டிக் கீழே போனது. "விழுந்தபடி செல்லும்" என்றான் ஜெரால்டு. மருதாசலம் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். மேசைக்கு அடியில் அரையிருட்டு, செருப்பில்லாத கால்கள், ஒரு கடலைத் தொலி. பகடை பிரவீணாவின் காலருகே கிடந்தது. மேலே பார்த்துக்கொண்டிருந்தது மண்டையோடு. இரண்டு கண்குழிகள், பல்வரிசை, தெளிவாக. வயசாகிவிட்டது என்று கண்ணையாவது குறை சொல்ல முடியுமா என்றால் முடியாது, புரை எடுத்தபின் கண் பத்து வயசு குறைந்திருந்தது. தலைகீழாகத் தொங்கிய தலைக்குள் ரத்தம் இறங்கியது. எண்ணிக்கையில் பொய் சொன்னவனைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியவன் நான். ஒரு கையைக்கூடக் கூட்டிச் சொன்னதில்லை, ஊர்வலத்துக்கு எத்தனை பேர் என்று பத்திரிகைக்காரன் கேட்டால்கூட உள்ளதைச் சொல்லித் தோழர்களிடம் திட்டு வாங்கியவன் நான். மண்டையோடு என்று சொல்லிவிட்டு நிமிர வேண்டியதுதான். நிமிர்ந்தார். நாலு முகங்கள் காத்திருந்தன, நாலாவது சோபாவில் இல்லை, எழுந்து வந்து மேசையருகே நின்றது. "என்னப்பா?" என்றான் இளங்கதிர். சிறுவயசில் மில் கேட்டில் நின்று, அப்பா இன்னிக்காவது கேட்டைத் திறந்தாச்சா என்று கேட்ட அதே இழுவை. "கேடயம்" என்றார் மருதாசலம். மேடைக் குரலில் வந்தது, உறுதியாக, எதிரொலிக்கும்படி.

பிரவீணா குனிந்தாள். அவர் தடுக்கக் கையை எடுப்பதற்குள் அவள் தலை மேசைக்குக் கீழே போய்விட்டது. நேரம் ஆயிற்று, ஒரு பகடையை எடுக்க வேண்டியதைவிடக் கொஞ்சம் கூடுதல் நேரம். நிமிர்ந்தபோது பகடை அவள் மூடிய கைக்குள் இருந்தது. அவள் அவரைத்தான் பார்த்தாள், வேறு யாரையும் அல்ல. "கேடயந்தானுங்க" என்று சொல்லி, கையைத் திறந்து, கேடயம் மேலே தெரியும்படி பகடையை மேசை நடுவில் வைத்தாள். ஜெரால்டு விசிலடித்தான். "எங்க தோழரையா கொல்லப் பாத்தீங்க, பன்னிங்களா!" என்று பூதங்களைச் சுண்டிவிட்டான். முதலில் கை தட்டியது ஷீபா. "சூப்பர் அங்கிள்! அப்ப நான் கதை படிக்கிறேன், எனக்கு அதுவே போதும்." இளங்கதிர் அவர் தோளைத் தட்டினான், மகன் தொட்டே நாளாகியிருந்தது. மருதாசலம் மருமகளின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முகத்தை எங்கோ பார்த்திருக்கிறேன். அந்தக் கண் தாழ்த்தாத, மன்னிப்பும் கேட்காத, சத்தம் போடாமல் ஏதோ ஒன்றைக் கையில் வைத்துவிட்டு விலகுகிற முகத்தை. மைக்கைப் பிடித்துக்கொண்டு கதிரேசன் கூட்டத்தைப் பார்க்கவில்லை. சொற்ப வித்தியாசத்தில், மிகச் சொற்ப வித்தியாசத்தில் என்று சொல்லும்போது திரும்பி அவரைத்தான் பார்த்தான். பையன் முகம். வேர்வை. இப்படியேதான் பார்த்தான். இல்லை, அவன் விற்றவன். அவன் கூட்டிச் சொன்னான், ஆமாம், கூட்டித்தான் சொன்னான், ஆனால் யார் பக்கத்தில் கூட்டினான்? முதல் கேள்விக்கு எத்தனை கை எழுந்தது? அவர் முதல் கேள்விக்குத் தன் கையை முஷ்டியாக உயர்த்தி வானத்தைப் பார்த்துக் கோஷம் போட்டுக்கொண்டிருந்தார். கீழே பார்த்தது கோஷம் முடிந்த பிறகு. கடல் மாதிரி கைகளைப் பார்த்தது அதற்குப் பிறகு. பசை காய்ந்த வெள்ளை விரல்கள், வெயிலில், அசையாமல். ஆறுக்குட்டி அவரைப் பார்த்துக்கொண்டேதான் தூக்கியிருந்தான். எந்தக் கேள்விக்கு என்று அவருக்குத் தெரியும். எப்போதுமே தெரியும். ஒருத்தனும் பொய் என்று கத்தாததற்குக் காரணம், பொய் அவர்களுக்காகச் சொல்லப்படவில்லை, அவருக்காகச் சொல்லப்பட்டது. மைதானம் முழுக்க நின்று பகடையைப் பார்த்துவிட்டுக் கேடயந்தானுங்க என்றிருக்கிறது. அவர் இருபது வருஷம் அந்தக் கேடயத்தைத் தூக்கிக்கொண்டு அவர்களை அடித்திருக்கிறார். இல்லை, அப்படி இருக்காது, ஒரு பெண்பிள்ளை முகத்தை வைத்து வரலாற்றைத் திருத்தி எழுத முடியாது, கதிரேசன் பிறகு வீடு கட்டினான், கட்டினான்தானே, எல்லோரும்தான் கட்டினார்கள், ஓய்வுப் பணம் வந்ததும் எல்லோரும்.

"மாமா," என்றாள் பிரவீணா, மெதுவாக, "உங்க ஆளு கதவத் தாண்டணுங்க." புதுப்பெட்டியைத் திறந்து, முதல் பனித்தரையை அவள் ஏற்கனவே கதவுக்கு அப்பால் பொருத்தியிருந்தாள். வெள்ளை அட்டை, ஒரு கீறல் இல்லாமல். மருதாசலம் கையை நீட்டினார். கை ஆடிக்கொண்டே போனது. அது போய்ச் சேர்வதற்கு முன்பே ஜெரால்டு தன் வில்லாளியை ஓரமாக எடுத்து வைத்தான், இளங்கதிர் வாள்வீரனை இழுத்துக்கொண்டான், ஷீபா இரண்டு காபி டம்ளர்களைத் தூக்கிக்கொண்டாள், பிரவீணா ஒட்டிய கொம்புள்ள பூதத்தை உள்ளங்கையில் பொத்திக்கொண்டாள். யாரும் பேசவில்லை, யாரும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. மேசையின் இந்த முனையிலிருந்து கதவு வரைக்கும் வழி விட்டிருந்தார்கள்.